படகு சவாரி அருமை, கலுங்கில் கட்டியிருக்கும் வலையை மட்டும் எடுத்துவிடுங்கள்

காரைக்குடியில் இருந்து முக்கால் மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஒரு தோட்ட விடுதியைப் பற்றி எழுதுகிறேன். பழைய செட்டிநாட்டு வீடு கிடையாது. புதிதாகக் கட்டிய குடில்கள், பின்னால் முந்திரித் தோப்பு, நடுவில் மழைத் தண்ணீரைச் சொந்த நிலத்துக்குள்ளேயே மண்கரை போட்டுத் தேக்கிய ஒரு குட்டி அணை, அதில் படகு. பெயரைப் போடவில்லை. கீழே சொல்லப்போகிற குறைகளை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தேன், சரிசெய்ய அவகாசம் கொடுப்பதுதான் முறை. அதோடு, சொந்தக் குளம் வைத்துப் படகு விடுகிற எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிச் செய்த அசல் வெண்டைக்காய் மண்டி, கடைசியில் கவுனி அரிசி. சமைக்கிற ஆச்சி பக்கத்து ஊர்க்காரர், கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். அறை சுத்தம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கொசுவலை உண்டு, ஏசி ஓடுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதெல்லாம் போதும்.

தண்ணீருக்கு வருவோம், அதுக்குத்தானே அங்கே போகிறோம். மிதிபடகு நான்கைந்து கிடக்கிறது, துடுப்புப் படகும் உண்டு. லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற விடுவதில்லை, சின்னப் பிள்ளைகளுக்கென்று சின்ன அளவிலேயே வைத்திருக்கிறார்கள், கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ளிவிடுகிறார்கள். பல இடங்களில் பெரியவர்களின் ஜாக்கெட்டையே பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள், தண்ணீரில் விழுந்தால் அது தலைவழியாகக் கழன்றுகொள்ளும். இங்கே அந்தக் கவலை இல்லை. ஆழம் எவ்வளவு என்று அடி போட்டு எழுதிய பலகையும் துறையில் நிற்கிறது.

ஆனால் குளத்தின் ஒரு பக்கம், தண்ணீர் உறிஞ்சாமல் இருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். பண்ணைக்குட்டைகளில் போடுகிற அதே சங்கதிதான். அதன் மேல் பாசி பிடித்துவிட்டால் நீச்சல் தெரிந்தவனாலேயே கரையேற முடியாது, கை வைக்க வைக்க வழுக்கி உள்ளேதான் போவான். பண்ணைக்குட்டைகளில் ஆட்கள் மூழ்கிச் சாவதற்கு இந்த வழுக்கல் ஒரு பெரிய காரணம். பத்தடிக்கு ஒரு முடிச்சுக் கயிறு, மேலே கம்பி ஊன்றிக் கட்டித் தண்ணீர் வரைக்கும் தொங்கவிட்டால் போதும், செலவு ஒன்றும் பெரிதில்லை. அதைச் செய்யவில்லை. நடுவில் ராத்திரி நேரத்துக்கு விளக்கு வைத்த நீரூற்று இருக்கிறது, அதன் மோட்டாருக்குப் போகிற கேபிள் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. கசிவு மின்சாரம் வந்தால் தானாக அணைக்கிற ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்று கேட்டேன், எலக்ட்ரீஷியனைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள். 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி இல்லாமல், மனிதர் இறங்குகிற தண்ணீருக்குள் கரண்ட் போகவே கூடாது.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. என் கவலை கரையைப் பற்றியது.

கண்மாய் மராமத்து வேலைகளைப் பல வருடம் கூட இருந்து பார்த்தவன் நான். எங்கள் பக்கம் கண்மாயைப் பார்க்கப் போனால் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் கலுங்கைத்தான் பார்ப்போம். நிறைந்த தண்ணீர் கரைக்கு மேல் ஏறாமல் மறுகாலாக, அதாவது உபரியாக வெளியே போகிற வழி அது. இந்த விடுதியில் கலுங்கு நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், செம்புறைக்கல் வைத்துச் சுண்ணாம்பு நிறத்தில் பூசி, பார்க்க அழகாக இருக்கிறது, அகலமும் அந்தச் சின்னக் குளத்துக்குப் பரவாயில்லை. ஆனால் கலுங்கின் வாயை முழுக்க நைலான் வலையால் அடைத்து இரண்டு பக்கமும் ஆணி அடித்திருக்கிறார்கள். குளத்தில் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார்களாம், மறுகாலில் மீன் போய்விடக் கூடாதாம். வலையின் அடிப்பாதி முந்திரிச் சருகும் பாலிதீன் பையும் அப்பி, மண் பூசிய தட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. அப்போது மழையும் இல்லை, மறுகாலும் இல்லை.

பக்கத்தில் காவல்காரப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். மழை நாளில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். "பெரிய மழைன்னா ராத்திரியில நான்தான் தம்பி எறங்கி வலையில இருக்குற சருகை எடுத்து விடுவேன், போன கார்த்திகையில தொடை மட்டும் தண்ணி இழுத்துச்சு, அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு எடுத்தேன்" என்றார். ஏதோ தினமும் செய்கிற வேலை போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கேட்கவே பதறியது. பாசி பிடித்த தளத்தில், இருட்டில், ஓடுகிற தண்ணீரில், வயதான ஒரு மனிதர் தனியாக நிற்கிறார். வலையை எடுக்கும்போது அடைப்பு பொசுக்கென்று விட்டுவிட்டால், தேங்கிய தண்ணீர் அவரையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகும். அவருக்கு ஒருநாள் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அந்த வேலையைச் செய்ய ஆளே கிடையாது.

மீனுக்காகக் கலுங்கை அடைப்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1889 மே 31 அன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுன் என்ற ஊரை வெள்ளம் துடைத்துவிட்டது, 2,209 பேர் செத்தார்கள். ஊருக்கு 14 மைல் மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை உடைந்ததுதான் காரணம். அது அரசாங்க அணை கிடையாது. பிட்ஸ்பர்க் பணக்காரர்கள் சேர்ந்து, மீன் பிடிக்கவும் படகு விடவும் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு கிளப்பின் சொந்த அணை. வண்டிகள் கரை மேல் போய்வர வசதியாக உச்சியைச் சீவி மட்டத்தைக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய சொந்தக்காரர் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்ட, அணையின் அடியில் தண்ணீரைத் திறந்துவிடுகிற குழாய்களை இவர்கள் திரும்பப் போடவில்லை. வாங்கி விட்ட மீன் தப்பிவிடக் கூடாது என்று உபரிநீர் வழியில் கம்பி வலை வைத்தார்கள். பெருமழை அன்றைக்குக் கட்டையும் குப்பையும் வந்து வலையில் அடைத்துக்கொண்டன, அடியில் திறந்துவிடவும் வழி இல்லை, தண்ணீர் கரை மேல் ஏறி வழிந்தது, மண்கரை சில மணி நேரத்தில் போய்விட்டது. அந்த அணை இந்தக் குளத்தைவிடப் பல மடங்கு பெரியது, உண்மைதான். ஆனால் அங்கே செய்த காரியங்களில் இரண்டை இங்கேயும் அப்படியே பார்த்தேன், வலை ஒன்று, அடியில் திறந்து குளத்தை இறக்குகிற அடிமடை இல்லாதது இன்னொன்று.

மண்கரைக்குக் கல் அணை மாதிரி தாங்கும் சக்தி கிடையாது. மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தாலே வெளிப்பக்கச் சரிவை அரிக்க ஆரம்பித்துவிடும், அரிப்பு பின்னாலேயே ஏறி உச்சிக்கு வந்துவிட்டால் அப்புறம் ஜேசிபி வைத்தும் நிறுத்த முடியாது. அதனால்தான் நிறைமட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையில் மூன்றடியாவது விட்டுவைக்கச் சொல்வார்கள். இங்கே அந்த அளவு இருக்கிறது, ஆனால் கரையின் நடுப்பகுதி கொஞ்சம் அமுங்கி, மற்ற இடத்தைவிடத் தாழ்ந்திருப்பது ஓரத்தில் குனிந்து பார்த்தாலே தெரிகிறது. நடைபாதையில் ஆட்களும் கோல்ஃப் வண்டியும் போய்ப் போய் அமுங்கியிருக்கும். தண்ணீர் ஏறினால் முதலில் அந்த இடத்தில்தான் வழியும். வைகாசி, ஆனியில் குளம் இறங்கியிருக்கும்போது கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து மட்டம் பண்ணிவிட்டால் முடிந்தது.

அடுத்தது மரம். நிழலுக்காகக் கரையின் இரண்டு பக்கச் சரிவிலும் வேம்பும் புங்கனும் பூவரசும் நட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறார்கள். மனசுக்குக் குளுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்தடிக் கரையில், உச்சி அகலம் ஒரு கார் போகிற அளவே இருக்கும்போது, வேர் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போய்விடும். மரம் உயிரோடு இருக்கும்வரை ஒரு மாதிரி. அது பட்டுப்போனால் வேர் மக்கி, வேர் இருந்த இடமெல்லாம் கரைக்குள் குழாய் போட்ட மாதிரி பொந்தாகிவிடும். புயலில் வேரோடு சாய்ந்தால் கரையின் ஒரு துண்டையே பெயர்த்துக்கொண்டு போகும். கஜா புயல் 2018 நவம்பரில் புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை மரத்தைச் சாய்த்தது என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கண்மாய்க் கரையில் பனை நிற்கிறதே என்று கேட்கலாம். பனைக்கு ஆணிவேர் பருத்துப் போகாது, சல்லிவேர்தான், கண்மாய்க் கரையும் இதைவிட நல்ல அகலம். வேம்பையும் பனையையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. சின்னக் கரைக்கு அருகம்புல் போதும். மண்ணையும் பிடிக்கும், குட்டையாக வெட்டிவிட்டால் எங்கே விரிசல், எங்கே எலி வளை, எங்கே கரையான் புற்று என்று நடந்துபோகிறவன் கண்ணுக்கும் தெரியும்.

கரையின் முதுகுப் பக்கம் விருந்தாளிகள் போவதில்லை, வழியை மூங்கில் தட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். காவல்காரர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படகுத்துறைக்கு நேர் பின்னால், கரையின் அடிக்காலில், ஒரு பாய் விரிக்கிற இடம் மட்டும் கோரை பச்சைப் பசேலென்று மண்டிக் கிடக்கிறது, சுற்றிலும் காய்ந்த செம்மண். கை வைத்தால் சொதசொத என்கிறது. அதற்கு அரையடி மேலே சிமெண்டு பூசிய ஒரு திட்டு. முன்னால் அங்கே தண்ணீர் கசிந்ததாம், மேஸ்திரியை வைத்துப் பூசி அடைத்தார்களாம், இப்போது பக்கத்தில் வருகிறது. அங்கே ஓடிவந்த தண்ணீரை டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது, அடியில் ஒரு மணல்கூட இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மண்கரை என்றால் ஏதோ கொஞ்சம் கசியும், கசியாத கரை கிடையாது. தெளிந்த தண்ணீராக, எப்போதும் ஒரே அளவில் வந்தால் கண்காணித்துக்கொண்டு இருக்கலாம். கலங்கலாக வந்தாலோ, அளவு கூடினாலோ, தண்ணீர் குமிழியிட்டு வருகிற இடத்தைச் சுற்றி மணல் வளையம் கட்டினாலோ, கரைக்குள் இருக்கிற மண் வெளியே போகிறது என்று அர்த்தம். உள்ளே துளை பெரிதாகிக்கொண்டிருக்கிறது. மண் அணைகள் உடைவதற்கு, மேலே வழிவதும் இப்படி உள்ளே அரிப்பதும்தான் முக்கியமான இரண்டு காரணங்கள். கரை கட்டி முதல் தடவை நிறைகிறபோதும் அடுத்த சில வருடங்களிலும் இந்த ஆபத்து அதிகம். இந்தக் கரைக்கு வயது இன்னும் கூடவில்லை.

வெளிப்பக்கம் சிமெண்டு பூசுவது இதற்கு வைத்தியமே இல்லை. தண்ணீரை வெளியே வரவிடாமல் அடைத்தால் அது கரைக்குள்ளேயே தேங்கி, அழுத்தம் ஏறி, வேறு பலவீனமான இடத்தைத் தேடும், இங்கே அரையடி தள்ளி வந்திருக்கிறதே அதுபோல. செய்ய வேண்டியது நேர்மாறானது. தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது. கசிகிற இடத்தில் பருமணலைப் பரப்பி, அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று அடுக்கிவிட்டால் தண்ணீர் வடிந்து வரும், மண் நின்றுவிடும். வடிகிற தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்து, வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாரம் ஒருமுறை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வேறு கருவி எதுவும் வேண்டாம், அந்த நோட்டே போதும்.

எலியும் நண்டும் போடுகிற வளையையும் லேசாக விடக் கூடாது. 2019 ஜூலை 2 ராத்திரி மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து பலர் செத்தபோது, நண்டுதான் காரணம் என்று ஒரு அமைச்சர் சொன்னது பெரிய சர்ச்சையானது. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். நண்டு வளை கரையைக் கெடுக்கும் என்பது நிஜம்தான். ஆனால் வளை ஒரே ராத்திரியில் கரையைத் துளைத்துவிடுவதில்லை, நடந்து பார்க்க ஆள் இருந்தால் களிமண் வைத்து இடித்து அடைத்துவிடலாம்.

அடிமடை இல்லாததைச் சொன்னேன். புல்வெளிக்குத் தண்ணீர் எடுக்கக் கரைக்குள்ளே நாலு இஞ்ச் பிவிசி குழாய் ஒன்று போகிறது, அவ்வளவுதான், அவசரத்துக்குக் குளத்தை இறக்க அது காணாது. குழாயை ஒட்டியே தண்ணீர் அரித்துக்கொண்டு வரவும் வாய்ப்பு உண்டு, வெளியே வருகிற இடத்திலாவது சுற்றிலும் மணலும் ஜல்லியும் போட்டிருக்க வேண்டும். புதுக்கோட்டைச் சீமையின் பழைய கண்மாய்களில் குமிழி மடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை, அடியில் சேரும் வண்டலையே தண்ணீரோடு வெளியேற்றுகிற ஏற்பாடு அது. இவ்வளவு தெரிந்த ஊரில், இன்றைக்குக் கட்டுகிற குளத்துக்குத் தண்ணீரை இறக்க வழி இல்லை என்றால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்போது கரையைத் தோண்டி மடை வைப்பது பெரிய வேலை, ஆபத்தும்கூட. அதற்குப் பதில் கரைக்கு மேலேயே பெரிய குழாய் போட்டு சைஃபன் முறையில் இறக்கலாம், ஒரு டீசல் என்ஜினையும் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

"சின்னக் குளம்தானே சார்" என்று மேனேஜர் தம்பி சொன்னார். ஒரு ஏக்கர் பரப்பு, சராசரி ஆறடி ஆழம் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 74 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் அடித்தால் 600 லோடுக்கு மேல். உடைந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் வரும். அது வருகிற பாதையில், கரைக்கு நேர் கீழே, குளிர்ச்சியாக இருக்கும் என்று இரண்டு குடில்களைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கும் கீழே ஊர்க் கண்மாயின் வரத்துக்கால், அதை ஒட்டி வீடுகள். 1977 நவம்பர் 6 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற சின்ன அணை உடைந்தது நடு ராத்திரி கழிந்துதான், கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் போனார்கள். மின்சாரம் எடுப்பதை 1957-இலேயே நிறுத்திவிட்டு வெறும் ஏரியாக வைத்திருந்த அணை அது, சரிவில் மரங்கள் வளர்ந்து நின்றன. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் தனியார் அணைகளையும் சேர்த்து வரிசையாகச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

நம் நாட்டில் 2021-இல் அணை பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரம் இருந்து குறிப்பிட்ட சில தன்மைகள் கொண்ட அணைகளுக்கும்தான். இந்தக் குளம் 5 மீட்டர்கூட வராது. அந்தச் சட்டப்படி எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை, கட்டிய முதலாளி பார்த்தால்தான் உண்டு. விருந்தாளிகளிடம் படகுக்குக் காசு வாங்குகிறவர் கரைக்கும் பொறுப்பு. நீர்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரைப் புரட்டாசியில் ஒருமுறை, மழை விட்டதும் தையில் ஒருமுறை கூட்டிவந்து கரையில் நடக்கவிடுவது அப்படி ஒன்றும் பெரிய செலவில்லை, வாசலில் வைத்திருக்கிற அந்த வண்ண விளக்குக்கு ஆனதைவிட நிச்சயம் குறைவு.

மேனேஜர் முதலில் "இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லையே சார்" என்றார். கரையின் முதுகுக்குக் கூட்டிப் போய்க் காட்டியதும் பேச்சு மாறிவிட்டது, போனில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினார். மீன் போய்விடுமே என்பதுதான் முதலாளியின் முதல் கேள்வி. மீன் வேண்டும் என்றால், கலுங்கில் இருந்து நன்றாகத் தள்ளி, கலுங்கு வாயைப்போலப் பல மடங்கு நீளத்துக்கு அரைவட்டமாக அகலக் கம்பித் தடுப்பு வையுங்கள், ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் தண்ணீர் போகும், சருகைப் பகலிலேயே படகில் போய் எடுக்கலாம் என்று சொன்னேன். அதற்கு மேலும் ஒன்றிரண்டு மீன் போனால் கீழே கண்மாயில் ஊர்க்காரர்கள் பிடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். நாங்கள் கிளம்புவதற்குள் காவல்காரர் அரிவாளால் வலையை அறுத்துச் சுருட்டிவிட்டார், அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கயிறும் ஆர்சிசிபியும் அந்த வாரமே போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மரத்தைப் பற்றி இன்னும் யோசிக்கிறார்களாம். வெட்டுவது என்றால் மேலே மட்டும் வெட்டிவிட்டு அடிக்கட்டையை மக்க விட்டுவிடாதீர்கள், கோடையில் குளத்தை இறக்கிவிட்டு வேரோடு எடுத்து, குழியைக் களிமண் போட்டு அடுக்கடுக்காக இடித்து மூடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கும் உபசரிப்புக்கும் ஐந்துக்கு ஐந்து, படகுக்கு நாலு, கரைப் பராமரிப்புக்கு இப்போதைக்கு இரண்டு. தை முதல் ஆனி வரைக்கும் பிள்ளைகளோடு தாராளமாகப் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் புக் பண்ணும்போதே கரைக்குக் கீழே இருக்கிற அந்த இரண்டு குடில்களும் வேண்டாம், முந்திரித் தோப்புப் பக்கம் மேட்டில் இருக்கிற அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான், கேட்டால் மாற்றிக் கொடுக்கிறார்கள்.